திரும்பி வராதவர்களைக் கணக்கில் எடுங்கள்!

நீலகிரியில், கோத்தகிரிக்கு அப்பால், மலைத்தொடர் சமவெளியை நோக்கிச் சரியும் விளிம்பிலே, ரங்கசாமித் தூண் என்று மக்கள் அழைக்கும் பெரும்பாறை ஒன்று தனித்து நிமிர்ந்து நிற்கிறது. 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், அந்தப் பாறைக்கு அருகே ஏர் இந்தியா நிறுவனத்தின் டகோட்டா விமானம் ஒன்று மலையில் வீழ்ந்து நொறுங்கிற்று. அதில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை.

மாண்டவர்களில் ஒருவர், இந்திய அரசின் அழைப்பை ஏற்று இந்நாட்டில் பல இடங்களில் சொற்பொழிவாற்ற அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஆபிரகாம் வால்டு. வயது 48. உடன் வந்த அவருடைய துணைவியாரும் அதே விமானத்தில் மாண்டார்.

எழுபது ஆண்டுகளுக்கும் முன்னால் நிகழ்ந்த சாவு. அதனை இன்று எடுத்து வைத்துப் பேசுவானேன்? அதுவும் அரசியல் கட்டுரையில்? காரணம் இருக்கிறது. விமானம் ஏன் வீழ்கிறது என்பதனை ஆராய்ந்த அறிஞர்களில், ஆள்வோர் அனைவரும் பாடமாகக் கொள்ளத்தக்க ஒரே ஒரு கேள்வியை எழுப்பிச் சென்றவர் அந்த வால்டு. விமானச் சேதத்தைக் கணக்கிட்டவர், விமான விபத்திலேயே மாண்டார் என்பது விதியின் கேலி என்று சிலர் கூறுவர். விதியை நாம் விட்டுவிடுவோம். அவர் விட்டுச்சென்ற கேள்வியைப் பிடித்துக்கொள்வோம். ஏனெனில், அந்தக் கேள்விக்கு இன்னும் நம் ஆட்சி மன்றங்களில் விடை கிடைத்தபாடில்லை.

ஏழைகளின் அறிஞரல்லர் அவர்; எண்களின் அறிஞர். ஆனால் எளியோர் படும் இன்னலை ஏட்டில் படித்து அறிந்தவரும் அல்லர். 1902-இல், அன்று அங்கேரி நாட்டின் பகுதியாக இருந்த கொலோஷ்வார் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. அறிவு போதவில்லை என்பதாலா? அல்ல! பிறப்பு பொருந்தவில்லை என்பதால்! பல்கலைக்கழகக் கதவு யூதனுக்குத் திறக்கவில்லை. 1938-இல் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்த ஆண்டிலே, அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவருடைய குடும்பத்தாரில் பெரும்பாலோர் நாஜிகளின் கொலைக்களத்தில் மாண்டனர். திரும்பி வராதவர்கள் என்றால் யார் என்பது அவருக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்த செய்தி.

போர்க்காலத்தில், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக்குழுவில் அவர் பணியாற்றினார். 1943-இல் அவரிடம் ஒரு சிக்கல் வந்தது. குண்டுவீச்சு விமானங்கள் பகைவரின் வானத்துக்குச் செல்கின்றன. சில திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. திரும்பியவற்றின் உடலெல்லாம் ஓட்டை. எந்த இடத்தில் கவசத் தகடு பொருத்துவது? எல்லா இடத்திலும் பொருத்தினால் எடை கூடி விமானம் எழும்பாது. ஆகவே, ஏதேனும் சில இடங்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெறுங்கண்ணால் பார்ப்பவன் என்ன சொல்லுவான்? “எங்கே ஓட்டை அதிகமோ, அங்கே தகடு வை!” என்பான். அறிவுக்கு ஏற்றது போலவே தோன்றும். ஆனால் வால்டு எண்ணியது வேறு. நாம் காணும் ஓட்டைகள் எல்லாம் திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகள். அந்த ஓட்டைகளோடும் அவை பறந்து வந்து சேர்ந்தன. எந்த இடத்தில் ஓட்டையே காணோமோ, அந்த இடத்தில் குண்டு படவில்லை என்று பொருளல்ல. அந்த இடத்தில் குண்டு பட்டவை வந்து சேரவில்லை என்று பொருள்! எஞ்சின் பக்கம் காயம் குறைவாக இருக்கிறதா? அப்படியானால் எஞ்சினில் அடிபட்டவை வீழ்ந்துவிட்டன. கவசம் அங்கேதான் வேண்டும்.

படைத்தலைவர்களை எதிரில் நிறுத்தி அவர் வாதாடி வென்றதாகக் கதை புனைவோர் உண்டு. அது பின்னர் சேர்ந்த அலங்காரம். அவர் எழுதிய குறிப்புகளில் இருப்பது கதையல்ல, கணக்கு. எடுத்துக்காட்டாக அவர் அமைத்த கணக்கு ஒன்று: 400 விமானங்கள் சென்றன, 380 திரும்பின. திரும்பியவற்றில் 320 விமானங்களின் மேல் ஒரு குண்டும் படவில்லை. 32 விமானங்களில் ஒரு குண்டு. 20 விமானங்களில் இரண்டு. எஞ்சிய எட்டில் மூன்றும் நான்கும் ஐந்தும். ஆக 380. சரி, மிச்சம் 20? அவற்றைக் கண்டவர் இல்லை. அவற்றின் ஓட்டைகளை எண்ணியவர் இல்லை. ஆனால் கணக்கின் உயிர் அந்த 20-இல்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் 380-ஐக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத 20-இன் கதியை அறிவது எவ்வாறு என்பதுதான் அவர் செய்த ஆராய்ச்சி.

எண்ணிப் பாருங்கள்! அரசியலில் நாம் நாள்தோறும் காண்பது என்ன? திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகளை எண்ணும் வேலைதானே! மனு எழுதத் தெரிந்தவன் மனு எழுதுகிறான். அவன் குறை கோப்பில் ஏறுகிறது. வழக்குத் தொடுக்க வசதியுள்ளவன் தொடுக்கிறான். அவன் குறை தீர்ப்பில் ஏறுகிறது. கூடிக் கோஷமிடும் வலிமையுள்ளவர் குறை ஏட்டில் ஏறுகிறது. “இதோ, குறைகளின் பட்டியல்! இவற்றைத் தீர்த்துவிட்டால் நாட்டில் குறையில்லை!” என்கிறது ஆட்சி. மனு எழுதுவதற்கு முன்பே மாண்டவன்? வழக்கு மன்றத்தின் வாயிற்படியைக் காணாதவன்? அவனிடமிருந்து புகார் வரவில்லை; ஆகவே, அவனுக்கு இன்னல் இல்லை! இதுதான் கணக்கு என்றால், இந்தக் கணக்கைப் போட்டவர்களிடம் ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட ஒப்படைக்க முடியாது. நாட்டை ஒப்படைப்பது எங்ஙனம்?

வால்டு ஏறிய விமானத்தின் இனத்தையே எடுத்துக்கொள்வோம். டகோட்டா! அமெரிக்காவின் டக்ளஸ் தொழிலகம் செய்த டி.சி. 3 என்னும் இரட்டை எஞ்சின் விமானம், 1935 டிசம்பர் 17-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. ரைட் சகோதரர்கள் வானில் எழும்பிய நாளிலிருந்து சரியாக 32 ஆண்டுகள் கழித்து. பயணிகள் 21 பேர் அமரத்தக்க எளிய ஊர்தி. போர் மூண்டதும் அதே ஊர்தி படை ஏற்றியது, மருந்து ஏற்றியது, காயம்பட்டோரை ஏற்றியது. டகோட்டா என்பது பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு இட்ட பெயர். நம் நாட்டிலும் அதுவே நிலைத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவு விலைக்கு வந்தன. இந்தியாவில் விமானக் கம்பெனிகள் பல முளைத்தது அந்த மலிவைக் கொண்டுதான். 1953-இல் எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனை அரசு அமைத்தபோது, அதன் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை டகோட்டாக்களே. 1947 அக்டோபர் 27-ஆம் நாள் ஸ்ரீநகர் மண்ணில் இந்தியப் படையை இறக்கியதும் அதுவே.

ஆகவே அந்த விமானத்தைப் பழிப்பதற்கு நாம் வரவில்லை. உழைப்பாளி விமானம் அது. புல்தரையிலும் இறங்கும், மண் ஓடுபாதையிலும் எழும்பும். உலகெங்கும் பறந்ததால் உலகெங்கும் வீழ்ந்தது. எங்கே வீழ்ந்தாலும் இயந்திரம் ஒன்றுதான்; உலோகம் ஒன்றுதான்; எஞ்சின் இரண்டுதான். ஆனால், வீழ்ந்த பிறகு நடந்தவை ஒன்றாக இல்லை! யார் மாண்டார், எவர் மாண்டார், மாண்டவரைப் பற்றிப் பேசுவது யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதைப் பொறுத்து, ஒரே விமானத்தின் வீழ்ச்சி ஓரிடத்தில் தேசத்துயரமாகிறது. வேறோர் இடத்தில் அரசாங்க இரகசியமாகிறது. இன்னோர் இடத்தில் பெயரில்லாப் புதைகுழியாகிறது. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

1957 மார்ச் 17. பிலிப்பைன்ஸ் நாட்டின் குடியரசுத் தலைவர் இரமோன் மகசேசே சென்ற விமானம், செபு தீவின் மனுங்கால் மலையில் மோதியது. டகோட்டாவின் படைவடிவமான சி. 47. மொத்தம் 26 பேர். 25 பேர் மாண்டனர். பிழைத்தவர் ஒரே ஒருவர், நெஸ்டோர் மாட்டா என்னும் செய்தியாளர். மலைவாழ் மக்கள் அவரைச் சுமந்து இறக்கிக் காப்பாற்றினர். நாடே துக்கம் காத்தது. விசாரணை நடந்தது. உலோகத் தளர்ச்சியால் எஞ்சினுக்குள் தண்டு ஒன்று முறிந்தது, வலப்புற எஞ்சின் வலுவிழந்தது, மலையைத் தாண்ட முடியவில்லை என்பது தெரிய வந்தது. தண்டு முறிந்தது வரை கண்டுபிடித்தார்கள்! மகசேசேயின் பெயரால் விருது ஏற்பட்டது, இன்றும் வழங்கப்படுகிறது. நல்லது. அவ்வாறுதான் செய்ய வேண்டும். ஒரு மனிதன் மாண்டால், ஏன் மாண்டான் என்பது முறிந்த தண்டு வரை தெரிந்தாக வேண்டும். நம் கேள்வியெல்லாம், இது குடியரசுத் தலைவருக்கு மட்டும் உரிய மரியாதையா என்பதுதான்.

1952 ஜூன் 13. சுவீடன் நாட்டு விமானப்படையின் டி.சி. 3 ஒன்று, எட்டுப் பேருடன் பால்டிக் கடலின் மேல் பறந்து சென்றது, மறைந்தது. மூன்று நாள் கழித்து, அதனைத் தேடிச் சென்ற கட்டலினா கடல்விமானம் ஒன்றைச் சோவியத் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின; அதில் இருந்த ஐவரும் கப்பல் ஒன்றினால் காப்பாற்றப்பட்டனர். முதல் விமானத்தின் எட்டுப் பேர்? அவர்கள் வழியறியும் பயிற்சிக்காகப் பறந்தவர்கள் என்று சொல்லிற்று சுவீடன் அரசு. உண்மை அதுவன்று. சோவியத் நாட்டின் ரேடார், வானொலி அலைகளை ஒற்றுக் கேட்கச் சென்ற விமானம் அது. எட்டுப் பேரில் ஐவர் அந்த ஒற்றுக் கேட்கும் நிலையத்தின் ஊழியர். நடுநிலை நாடு என்று உலகுக்கு முழங்கிய அரசு, உண்மையைச் சொன்னால் முழக்கம் என்னாவது? சுட்டது நாங்களே என்று சொன்னால் சோவியத் அரசின் பெயர் என்னாவது? இரண்டு அரசுகளுக்கும் பகை. ஆனால் மௌனம் சாதிப்பதில் மட்டும் இரண்டும் உறவு! மாண்டோரின் மனைவியரும் மக்களும் பொய்யைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தனர். சுட்டது நாங்களே என்று சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1991-இல். 39 ஆண்டுகள்! 2003 ஜூன் மாதம் கடலடியில், 126 மீட்டர் ஆழத்தில், விமானம் கண்டுபிடிக்கப்பட்டது. 2004-இல் தூக்கி எடுத்தனர். நால்வரின் எச்சம் மட்டுமே அடையாளம் காணப்பட்டது. அலைகூட அத்தனை காலம் மறைத்து வைக்க முடியாததை அரசுகள் மறைத்து வைத்திருந்தன என்றுதானே கொள்ள வேண்டும்?

1948 ஜனவரி 28. மூன்றினும் கொடியது இது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். போர்க்காலத்தில் வயல்களில் வேலை செய்ய ஆளில்லை என்று, 1942-இல் மெக்சிகோவுடன் அமெரிக்கா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மெக்சிகோ ஏழைகள் வந்தனர், பழம் பறித்தனர், பருத்தி எடுத்தனர். வேலை வேண்டியிருந்தபோது “வா” என்றனர். வேண்டாதபோது “போ” என்றனர். அப்படிப் “போ” என்று சொல்லப்பட்டவர்களில் 28 பேர், ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களும் அனுமதிச்சீட்டின்றி வந்தவர்களும், குடிவரவுத் துறை வாடகைக்கு அமர்த்திய டி.சி. 3 விமானத்தில் ஏற்றப்பட்டு எல்லையை நோக்கி அனுப்பப்பட்டனர். லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கின் மேலே, இடப்புற எஞ்சினின் எரிபொருள் பம்பிலிருந்து கசிவு; கசிவிலிருந்து தீ; தீயினால் இறக்கை பிய்ந்தது. 32 பேரும் மாண்டனர். 28 தொழிலாளர், விமானப் பணியாளர் மூவர், காவலாக வந்த அதிகாரி ஒருவர்.

விசாரணை நடந்தது, காரணமும் தெரிந்தது. அந்த விமானத்தில் இருந்த இருக்கைகள் 26. ஏற்றப்பட்டோர் அதனினும் அதிகம். செய்ய வேண்டிய பராமரிப்புச் சோதனையின் காலமும் கடந்திருந்தது. நேர்க்காரணமாக விசாரணை சுட்டியது தீயைத்தான். ஆனால், இருக்கை இல்லாமல் மனிதரை ஏற்றலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது? செல்வர் ஏறும் விமானத்தில் அந்தத் துணிவு வருமா?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாடெங்கும் பரவிய செய்தியில் பணியாளர் மூவரின் பெயரும் காவலதிகாரியின் பெயரும் இருந்தன. மற்ற 28 பேர்? “நாடு கடத்தப்பட்டோர்.” அவ்வளவே! பெயரில்லை, ஊரில்லை, தாய் தந்தை இல்லை. நால்வரின் உடல் அவரவர் குடும்பத்துக்குச் சென்றது. 28 பேரின் உடல் பிரெஸ்னோ நகரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் புதைக்கப்பட்டது. விமான விபத்தில் மாண்ட மெக்சிகோ குடிமக்கள் 28 பேர் என்று மட்டும் கூறும் பலகை ஒன்று மேலே நடப்பட்டது. பாடகர் உட்டி கத்ரி அச்செய்தியைக் கண்டு மனம் வெதும்பி எழுதிய பாடல், பின்னர் இசையமைக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. பாட்டு பரவியது, பெயர்கள் வரவில்லை. எழுத்தாளர் டிம் எர்னாண்டசு ஆவணங்களைத் துருவி, பிழைபட எழுதப்பட்ட பெயர்களைத் திருத்தி, குடும்பங்களைத் தேடி உழைத்ததன் பயனாக, 2013 செப்டம்பரில்தான் அந்தக் குழியின்மேல் 28 பெயர்களும் பொறித்த கல் எழுந்தது. 65 ஆண்டுகள்!

ஒரே இன விமானம். மூன்று வீழ்ச்சி. தலைவன் மாண்டால் தண்டு முறிந்தது வரை தெரியும். ஒற்றன் மாண்டால் 39 ஆண்டு பொய். கூலிக்காரன் மாண்டால் 65 ஆண்டுக்குப் பெயரே இல்லை. விமானம் பாகுபாடு பார்க்கவில்லை. பாகுபாடு பார்த்தது கணக்கு எழுதிய கை!

“அமெரிக்காவின் கதை, அங்கே அப்படி, நமக்கென்ன?” என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடையாக நம் நாட்டின் அண்மைக் கதையைச் சொல்லுவோம்.

2020 மார்ச் மாதம், நான்கு மணி நேர முன்னறிவிப்பில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. நகரங்களில் கூலி செய்து பிழைத்தவர்கள் வேலை இழந்து, வாடகை கொடுக்க வழியின்றி, இரயிலும் பேருந்தும் இல்லாத நிலையில், நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள தம் ஊரை நோக்கி நடந்தனர். பிள்ளையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் வைத்து நடந்தனர். மே 8-ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு இரயில் ஏறி மாண்டனர். அந்தப் 16 பேரை நாடு அறிந்தது. இரயில் ஏறியதால் அறிந்தது! பசியால் வீழ்ந்தவர், வெயிலால் வீழ்ந்தவர், சாலையோரம் லாரி மோதி வீழ்ந்தவர் எத்தனை பேர்?

அந்தக் கேள்வி நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டது. 2020 செப்டம்பர் 14-ஆம் நாள் மக்களவையில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தந்த விடை என்ன? ஊர் திரும்பும் வழியில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் பற்றிய அத்தகைய கணக்கு ஏதும் பராமரிக்கப்படவில்லை என்பது. கணக்கே இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்பதும் அதே விடையின் மறுபாதி.

கேட்டீர்களா நீதியை? கணக்கு இல்லை, ஆகவே இழப்பு இல்லை! இழப்பு இல்லை, ஆகவே இழப்பீடு இல்லை! எஞ்சினில் ஓட்டையைக் காணோம், ஆகவே எஞ்சினுக்கு ஆபத்தில்லை என்று கூறும் அதே கணக்கு! அரசு எழுதத் தவறியதை, தன்னார்வம் கொண்ட சிலர் செய்தி ஏடுகளைப் புரட்டிப் புரட்டித் தம் கைப்பட எழுதினர். ஊர் ஊராக அதிகாரிகளையும் காவல் நிலையங்களையும் உடைய அரசால் முடியாதது, கணினியும் கத்தரித்த செய்தித்தாளும் மட்டும் உடைய சிலரால் எவ்வாறு முடிந்தது? முடியாமை அல்ல; விரும்பாமை!

“பெருந்தொற்றுக் காலம், ஆட்சி இயந்திரம் திணறிய நேரம், அந்நேரத்தில் எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?” என்று ஆட்சிக்குப் பரிந்து பேசுவோர் கேட்பர். கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. நெருக்கடி நேரத்தில் எல்லாம் ஒழுங்காக நடவாது என்பது உண்மைதான். ஆனால், வால்டு கணக்குப் போட்டது அமைதிக் காலத்திலா? உலகமே தீப்பற்றி எரிந்த 1943-இல்! திரும்பாத 20 விமானங்களின் கதியை அறியாவிட்டால், நாளை இன்னும் 20 வீழும் என்று அறிந்ததால்தான் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டார்கள். நெருக்கடி என்பது கணக்கை விடுவதற்குக் காரணமன்று. கணக்கைத் தொடங்குவதற்குக் காரணம். அன்றியும், மார்ச்சில் திணறியவர்கள் செப்டம்பரிலாவது எண்ணத் தொடங்கியிருக்கலாமே! எந்தக் கிராமத்தில் எவன் திரும்பவில்லை என்று அந்தக் கிராமத்தைக் கேட்டாலே போதுமே!

மற்றொன்றும் காண்போம். மனிதக் கழிவை மனிதனே அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இல் சட்டம் வந்தது. 2013-இல் மேலும் ஒரு சட்டம். இடையிலே எத்தனை பேர் குழிக்குள் இறங்கி, நச்சுக்காற்றில் மாண்டு, திரும்பி வரவில்லை? 2014 மார்ச் 27-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1993 முதல் அவ்வாறு மாண்டோரின் குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. தொகையை விடுங்கள். “கண்டறியுங்கள்” என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள்! ஒரு நாட்டின் அரசுகளைப் பார்த்து, உங்கள் குடிமக்களில் மாண்டவர்கள் யார் என்று தேடிக் கண்டுபிடியுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மாண்டவர் யாரென்று தெரியாத அரசு, மாளப்போகிறவனைக் காப்பது எப்படி?

விமானத்துறையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு பறக்கும் விமானங்கள் பெருகின. பழைய டகோட்டாக் காலத்து ஆபத்து வெகுவாகக் குறைந்தது. எப்படி? மந்திரத்தாலா? அல்ல. வீழ்ந்த ஒவ்வொரு விமானத்தையும் ஆராய வேண்டும் என்ற கட்டாயத்தால்! சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-இல் விபத்து விசாரணைக்கென்றே உலகப் பொதுவிதி வகுத்தது. அதன்படி இன்று விசாரணையின் நோக்கம் ஒருவரைப் பிடித்துப் பழி சுமத்துவதன்று. அடுத்த விபத்தைத் தடுப்பது. திருகாணி ஒன்று கழன்றதா, மானி ஒன்று பிழை காட்டியதா, மேகத்தில் மலை மறைந்ததா, ஓட்டுநர் களைத்திருந்தாரா எனத் தேடித் தேடி எழுதுகிறார்கள். ஓர் ஊரில் வீழ்ந்ததன் பாடம் உலகின் எல்லா ஊருக்கும் போகிறது. திரும்பி வராதவற்றைக் கேட்டதால், திரும்பி வருபவை பெருகின. வால்டின் கேள்வி வானத்தில் வென்றுவிட்டது. மண்ணில்தான் இன்னும் வெல்லவில்லை!

விமானத்தில் ஏறுபவன் உயிருக்கு ஒரு நீதி, சாக்கடையில் இறங்குபவன் உயிருக்கு ஒரு நீதி என்றால், அதற்குப் பெயர் மனுநீதியாக இருக்கலாம். மக்களாட்சி நீதியாக இருக்க முடியாது.

நாம் கேட்பது பெரிது ஒன்றும் அல்ல. மூன்றே மூன்று.

ஒன்று, பெயர். வேலைத்தலத்திலோ வேலை தேடிச் சென்ற வழியிலோ மாளும் ஒவ்வொருவரின் பெயரும், ஊரும், செய்த தொழிலும் அரசின் ஏட்டில் ஏற வேண்டும். ஒப்பந்தக்காரனின் ஆள், வெளிமாநிலத்தான், அடையாளச்சீட்டு இல்லாதவன் என்ற சாக்குக் கூறி எவனையும் தள்ளக்கூடாது.

இரண்டு, காரணம். எண்ணிக்கை மட்டும் போதாது. “எதிர்பாராத விபத்து” என்ற இரண்டு சொல்லில் சாவை மூடிவிடக்கூடாது. பட்டாசு ஆலை வெடித்தாலும், சுரங்கம் சரிந்தாலும், குழியில் நச்சுக்காற்று எழுந்தாலும், விமான விபத்தை ஆராய்வது போன்று தனித்த விசாரணை நடந்து, குறித்த காலத்துக்குள் அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

மூன்று, பதில். அறிக்கையில் சொன்னபடி எது திருத்தப்பட்டது, எது திருத்தப்படவில்லை, ஏன் என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அமைச்சர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். “கணக்கு இல்லை” என்ற விடையை விடையாகவே எந்த அவையும் ஏற்கக்கூடாது. கணக்கு இல்லை என்று எந்த அமைச்சர் கூறினாலும், அந்தக் கட்சி எதுவாயினும், “எஞ்சின் அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் அடிபட்டிருக்கிறது!” என்று உறுப்பினர்கள் எழுந்து கூற வேண்டும்.

இதனால் மாண்டவர் மீள்வார்களா என்று கேட்பீர்கள். மீளமாட்டார்கள். வால்டின் கணக்கும் வீழ்ந்த 20 விமானங்களில் ஒன்றையும் மீட்கவில்லை. மறுநாள் புறப்பட வேண்டிய விமானங்களுக்காகப் போட்ட கணக்கு அது. நாம் கேட்பதும் நாளைப் புறப்படப் போகிறவனுக்காகத்தான். விடியற்காலையில் சோற்று மூட்டையோடு வேலைக்குப் புறப்படுகிறான் ஒருவன். மாலையில் அவன் வீடு திரும்ப வேண்டும். திரும்பாவிடில், ஏன் திரும்பவில்லை என்று அவன் வீட்டார் மட்டுமல்ல, நாடே கேட்க வேண்டும். கேட்கிற நாடுதான் குடியரசு; கேட்காத நாட்டில் கொடி மட்டும்தான் பறக்கும்.